சர்க்கரை வியாதிக்காரன் போகக்கூடாத ஊர்

பாங்காக்கிலிருந்து தெற்கே ஹுவா ஹின் கடற்கரைக்குப் போகிறவர்கள் பெட்சபுரி என்ற ஊரைத் தூக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். சின்ன நிலையம். குன்றின் மேல் வெள்ளைக் கட்டடங்கள் சில தெரியும். விழித்திருப்பவர்கள் கைபேசியில் அதை ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், அத்துடன் சரி. என் தங்கை மகன் கதிர் பல வருடங்களாகப் பாங்காக்கில் வேலை பார்க்கிறான். அவனும் அப்படிக் கடந்தவன்தான். "அங்கே என்ன இருக்கிறது மாமா? வயதானவர்கள் கூட்டமாகப் போய்ப் பலகாரம் வாங்கிவருகிற ஊர்" என்றான். எனக்கு வயதாகிவிட்டது, பலகாரமும் பிடிக்கும். டாக்டர் மட்டும்தான் இடைஞ்சல். மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புடா என்றேன்.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். வெளியூர் போனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது சுவர். தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவை முன்பே பார்த்திருக்கிறேன். பெரிய ஊர், பெரிய பெயர். ஆனால் 1767-இல் பர்மியப் படை அதைக் கொளுத்தியதில் செங்கல்தான் மிஞ்சியது. செங்கல்லின் மேலிருந்த சுதை, சுதையின் மேலிருந்த வண்ணம், கூரையைத் தாங்கிய தேக்கு எல்லாம் போய்விட்டன. தலையில்லாத புத்தர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வெயிலில் திரும்பி வந்தோம். அயுத்தயா காலத்து ஓவியன் எப்படிக் கோடு போட்டான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், தப்பிப் பிழைத்த ஊருக்குத்தான் போக வேண்டும். அந்த ஊர் பெட்சபுரி. அயுத்தயா ஆட்சியில் இது ஒரு முக்கியமான மாகாண நகரம். கோயில்கள் பல அப்படியே நின்றுவிட்டன, அவற்றில் இன்றும் பிக்குகள் இருக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், பூனை வளர்க்கிறார்கள்.

ரயிலை விட்டு இறங்கியதும் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். கதிருக்குப் பசி. ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனோம்.

பெட்சபுரி ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. கரையோரம் பழைய மரக்கடைகள், அவற்றுக்குப் பின்னால் சந்தை. சந்தை வாசலில் ஓர் அம்மாள் மண்பானை ஒன்றை வைத்துக்கொண்டு தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காவ் சே விற்கிறார். சோற்றை நன்றாக அலசி, மல்லிகை மணம் ஏற்றிய தண்ணீரில் போட்டு, பனிக்கட்டியோடு கிண்ணத்தில் தருவார்கள். பர்மா, தாய்லாந்துப் பக்கம் வாழும் மோன் இன மக்களிடமிருந்து வந்த உணவு என்கிறார்கள். பாங்காக்கில் இதை அரண்மனைச் சாப்பாடு என்று சொல்லி, ஏழெட்டுத் தொடுகறிகளைப் பீங்கான் தட்டில் அடுக்கி, கோடைக்காலத்தில் மட்டும், நம்மைப் பயமுறுத்தும் விலையில் விற்கிறார்கள். பெட்சபுரியில் இது சாலையோரப் பண்டம். தொடுகறி மூன்றுதான்: இறால் விழுதை மசாலாவோடு உருட்டிப் பொரித்த சிறு உருண்டைகள், வெல்லத்தில் வதக்கிய முள்ளங்கி வற்றல், இனிப்பாகப் பிரட்டிய திருக்கை மீன் துருவல். நாங்கள் போனபோது கிண்ணம் 30 பாட்.

"நம் பழையதுதான் மாமா இது" என்றான் கதிர். இல்லவே இல்லை. பழையதில் புளிப்பு உண்டு, அதுதான் அதன் உயிர். இதில் புளிப்பின் சாயல்கூட இல்லை. ஊதுபத்திக் கடைக்குள் நின்று தண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது முதல் வாய். அந்த அம்மாள் நான் தொடுகறியை எடுத்துத் தண்ணீருக்குள் போடப்போவதைப் பார்த்துக் கையை ஆட்டினார். முதலில் உருண்டையைக் கடிக்க வேண்டும், அது வாயில் இருக்கும்போதே ஒரு கரண்டி சோறும் தண்ணீரும். கிண்ணத்துத் தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருக்க வேண்டும். அப்படிச் சாப்பிட்ட பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. இறால் விழுதின் உப்பும் கவிச்சியும் நாக்கைப் பிடிக்கும் நேரத்தில் குளிர்ந்த மல்லிகைத் தண்ணீர் வந்து அதை அவிழ்த்துவிடுகிறது. அடுத்த உருண்டைக்கு நாக்கு மறுபடியும் தயார். இரண்டாவது கிண்ணம் வாங்கினேன். கதிர் என் மாத்திரைப் பையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

உப்பிருந்தது, புளிப்பில்லை என்றேன். புளிப்பும் இந்த ஊரில் உண்டு, வேறு பண்டங்களில். இதை மூன்று சுவை நகரம் என்று தாய்லாந்துக்காரர்கள் சொல்வதுண்டு. பான் லாட் பக்கம் பனைவெல்லம், பான் லேம் கடற்கரையில் உப்பளம், தா யாங்கில் எலுமிச்சை. மூன்றும் ஒரே மாகாணத்துக்குள். 2021-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் உணவுக்காக இந்த ஊரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் மூன்றும் சமபங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே வெல்லம்தான் முதலாளி. மாட்டிறைச்சி நூடுல்ஸ்கூட இங்கே இனிப்பான செம்பழுப்புச் சாற்றில்தான் வருகிறது. கதிர் அதில் மிளகாய்ச் சாந்தைக் கொட்டிக் கொட்டிச் சண்டை போட்டான், வெல்லமே வென்றது.

வாட் யாய் சுவன்னாராம் ஆற்றின் கிழக்குக் கரையில், சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள். நுழைந்ததும் குளம். குளத்தின் நடுவே மூன்றே கால்களில் நிற்கும் மரவீடு, ஓலைச்சுவடிகளைக் கரையான் அரிக்காமல் வைக்கக் கட்டியது. அடுத்து முழுக்கத் தேக்காலான பிரசங்க மண்டபம். அயுத்தயா அரண்மனையிலிருந்து பெயர்த்து எடுத்து வந்தது என்பது ஊர்ப்பேச்சு. அதன் செதுக்குக் கதவில் ஒரு பெரிய வெட்டுக்காயம். பர்மியச் சிப்பாய் கோடரியால் கொத்தியது என்கிறார்கள். வெட்டு உண்மை. வெட்டியவன் யார் என்பதற்குக் கதவு சாட்சி சொல்லாது. நான் கவனித்தது வேறு. கோடரி விழுந்த இடத்தைச் சுற்றிலும் கொடிவேலைப்பாடு துளியும் சிதறவில்லை. மரமும் நல்ல மரம், செதுக்கியவனும் நல்ல ஆள்.

ஆனால் நான் வந்தது பின்னால் இருக்கும் தீட்சை மண்டபத்துக்காக. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழக வேண்டும். பழகப் பழக இரண்டு பக்கச் சுவரிலும் ஆட்கள் முளைத்து வருகிறார்கள். ஐந்து அடுக்காக, தரையிலிருந்து விதானத்தருகே வரை, கைகூப்பி மண்டியிட்ட தேவர்கள், பிரம்மர்கள், யட்சர்கள், கருடர்கள், எல்லோரும் எதிரே இருக்கும் புத்தரைப் பார்த்தபடி. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ரம்பப்பல் கோடு, அதற்கு மேல் பூவும் விசிறியும். சிவப்பும் வெள்ளையும்தான் பிரதானம்.

கதிர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே ஆளை அச்சடித்த மாதிரி இருக்கிறதே" என்றான். அவனைக் கையைப் பிடித்து இழுத்துக் கீழ் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பார், இவனுடைய புருவம் ஒரே இழுப்பில் போட்டது, தூரிகையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் இருக்கிறவனுக்கு மூக்கு முனை சற்றே கீழே இறங்குகிறது. அந்த யட்சனுக்கு மீசை, ஆனால் பயில்வான் மீசை இல்லை, கல்யாணத்துக்கு வந்த பெரிய மனிதரின் மீசை. கிரீடங்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. இத்தனை பேரை வரிசையில் உட்கார வைத்தால் எந்த ஓவியனுக்கும் ஐந்தாவது ஆளிலேயே கை சலித்துவிடும், நானே முப்பது வருடம் கரும்பலகையில் போட்டவன், எனக்குத் தெரியும். இவனுக்குச் சலிக்கவில்லை. சில இடங்களில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. தாய்லாந்துச் சுவரோவியம் ஈரச் சுண்ணாம்பில் வரைவதல்ல, காய்ந்த பூச்சின் மேல் வரைவது, அதனால் ஈரம் அதற்கு எமன். முந்நூறு வருட மழைக்காலங்களைத் தாண்டி இவ்வளவு நிற்பதே பெரிது. வெளியே வரும்போது மூலப் புத்தருக்குப் பின்னால் இருக்கும் சிலையையும் பாருங்கள், ஒரு காலில் ஆறு விரல்கள்.

கொஞ்சம் தெற்கே வாட் கோ கேயோ சுத்தாராம். அதன் ஓவியங்களில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது, கி.பி. 1734-க்குச் சமமானது. அங்கே புத்தபிக்குவின் அங்கியை உடுத்திய ஓர் ஐரோப்பியப் பாதிரியார் சுவரில் நிற்கிறார். மண்டபம் பூட்டியிருந்தால் பிக்குகளிடம் பணிவாகக் கேளுங்கள்.

வாட் கம்பேங் லேங் பற்றி ஒரு வார்த்தை: செம்பாறாங்கல்லில் கம்போடியாவின் கெமர்கள் கட்டியது, பூச்சு போய் எலும்புக்கூடாக நிற்கிறது, சாயங்கால வெயிலில் நன்றாக இருக்கும், அரை மணி போதும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சோற்றுக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாகக் குழம்பு. கதிர் கடைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டு ஒரு தட்டைச் சுட்டிக்காட்டினான். "மாமா, இதன் பெயர் 'கேங் ஹுவா தான்'. பனங்காயில் செய்தது." பனங்காயில் குழம்பா? உடன்குடிப் பக்கம் பிறந்தவனிடம் போய் இப்படிச் சொன்னால் விடுவேனா?

இளங்காயைச் சீவி நுங்கை எடுக்கும்போது காம்புப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலை இருக்கும். நாம் அதை மாட்டுக்குப் போடுவோம். இவர்கள் அந்தத் தலையை மெல்லிசாக அரிந்து, துவர்ப்புப் போக உப்பு நீரில் அலசி, சிவப்பு மிளகாய் மசாலாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். மாட்டிறைச்சி போட்டதும் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது சுட்ட மீன் உதிர்த்துப் போட்டது. அந்தச் சீவல் வேகுவதில்லை, வேகாமலும் இல்லை. பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுத்துவிட்டு உடைகிறது, உடைந்ததும் உள்ளே குடித்துவைத்திருந்த குழம்பை விடுகிறது. கடைசியில் தொண்டையில் மெல்லிய துவர்ப்பு ஒன்று. தேங்காய்ப்பாலின் வழுவழுப்பை அந்தத் துவர்ப்புதான் கட்டிப்போடுகிறது. இன்னொரு கரண்டி குழம்பு வாங்கினேன். எத்தனை வருடங்களாக மாட்டுக்குப் போட்டோம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து, மனது பொறுக்காமல் விட்டுவிட்டேன்.

இந்த ஊரில் பனையை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று அன்று மதியம் முழுக்க விசாரித்துக்கொண்டே நடந்தேன். பழுத்த பனம்பழத்தின் சாறைப் பிழிந்து அரிசிமாவில் கலந்து, பொங்கவிட்டு, ஆவியில் வேகவைத்து மேலே தேங்காய்த் துருவலைத் தூவினால் 'கனோம் தான்' என்ற பலகாரம். மஞ்சள் நிறம், பனம்பழ மணம் மூக்கில் ஏறுகிறது. நுங்கைப் பாகில் போட்டு விற்கிறார்கள். பச்சை நிறத்தில் இழை இழையாகப் பிழிந்த லோட் சோங்கைக் கெட்டிப் பனம்பாகில் மிதக்கவிட்டு விற்கிறார்கள். ஆனால் என்னை அசரவைத்தது தின்னும் பண்டம் அல்ல.

வாட் மஹாதாட் ஊரின் நடுக்கோயில், வெள்ளை வெளேரென்று ஐந்து கோபுரங்கள். அதைவிடக் கீழே இருக்கும் சுதை வேலைதான் பார்க்க வேண்டியது. பெட்சபுரிச் சுதைக்காரர்கள் அச்சு வைத்து வார்ப்பதில்லை, கையாலேயே நேராகச் சுவரில் பிடிக்கிறார்கள். முகப்பில் தேவரும் நாகரும் கொடியும். பீடத்தைத் தூக்கிச் சுமக்கும் குட்டி உருவங்களை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணாடி போட்டவர், தொப்பை வைத்தவர், நவீன மனிதர்கள். அரசியல்வாதிகளைப் புத்தருக்குச் சுமைதூக்க வைத்திருக்கிறார்கள். தேசியக் கலைஞர் பட்டம் பெற்ற தோங்ருவாங் எம்-ஓட் இந்த நையாண்டிக்குப் பேர்போனவர். பிரதமராக இருந்த குக்ரித் பிரமோஜ்கூடத் தப்பவில்லை. நம் ஊரில் ஒரு கோயில் பீடத்தில் இப்படி ஒன்றைச் செய்தால் என்ன ஆகும் என்று கதிர் கேட்டான். பதில் சொல்லாமல் படம் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து வரும் வழியில் இன்னொரு கோயிலில் சாரம் கட்டி முகப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கீழே ஒருவர் உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார். கிட்டே போனால் சுண்ணாம்பு. கதிரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். சுண்ணாம்பு, சலித்த மணல், ஊறவைத்த காகிதக்கூழ், தோலைக் காய்ச்சி எடுத்த பசை, அப்புறம் பனைவெல்லம். இடிக்க இடிக்கத்தான் அது பிசினாகிறதாம், அவசரப்பட்டால் வெடிக்குமாம். கையில் ஒரு உருண்டை கொடுத்தார். ரொட்டி மாவைவிட இறுக்கம், விரலில் ஒட்டவில்லை, நகத்தால் கீறினால் கீறல் அப்படியே நின்றது. உடனே இறுகாததால் சாரத்தில் நிற்பவருக்கு இதழும் நகமும் திருத்த நேரம் கிடைக்கிறது. பிறகு வருடக்கணக்கில் கெட்டிப்படுகிறது.

என் சிறு வயதில் பழைய வீடுகளுக்குச் சாந்து அரைக்கும்போது கொத்தனார்கள் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான். காலையில் முள்ளங்கி வற்றலில் தின்ற அதே வெல்லம் கோயில் முகப்பில் தேவனாக உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அந்த உரலுக்குள் இருந்ததை விட்டுவிட்டு எழுதினால் ஒன்றும் எழுதாததுதான்.

மறுநாள் காலை குன்று. காவ் வாங் என்று ஊரார் சொல்கிறார்கள், பிரா நக்கோன் கிரி என்பது அரசாங்கப் பெயர். தாய்லாந்து அரசர் நான்காம் ராமர் மோங்குட் 1860 வாக்கில் கட்டி முடித்த கோடை அரண்மனை. மூன்று சிகரங்கள்: ஒன்றில் அரண்மனை, ஒன்றில் வெள்ளைத் தூபி, ஒன்றில் கோயில். இழுவை ரயிலில் ஏறலாம். நாங்கள் மறுபக்கத்துப் பாதையில் நடந்தோம், வழியெல்லாம் முறுக்கேறிய கிழட்டு ஈழத்தலரி மரங்கள். குரங்குகள் ஏராளம். கையில் பாலித்தீன் பை இருந்தால் அது உங்களுடையது இல்லை. கதிரின் கையிலிருந்த பனை இனிப்பை ஒரு தாய்க்குரங்கு பறித்துக்கொண்டு, அவன் கண்ணெதிரிலேயே இலையைப் பிரித்துத் தின்றது. என் டாக்டருக்குத் தெரிந்தால் அதற்கு நன்றி சொல்லியிருப்பார்.

அரண்மனை அறைகளை நான் வேகமாகக் கடந்தேன். சீனம், ஐரோப்பா, தாய்லாந்து மூன்றையும் கலந்த கட்டடம், உள்ளே கட்டில், நாற்காலி, வெண்கலப் பொம்மைகள். நான் நின்றது வட்டமான வானியல் கோபுரத்தில். கண்ணாடிக் கூரை, வெளிப்பக்கம் சுற்றிச் செல்லும் படி. மோங்குட் கிரகணம் கணிக்கத் தெரிந்த அரசர். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைத் தானே கணக்குப் போட்டு, இன்னும் தெற்கே வா கோ என்ற சதுப்பு நிலத்துக்கு வெளிநாட்டு விருந்தினர்களையும் அழைத்துப் போய்ப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. அங்கே பிடித்த மலேரியா அக்டோபர் 1 அன்று அவரைக் கொண்டுபோய்விட்டது. இரவில் இந்தக் கோபுரத்தில் விளக்கு ஏற்றினால் கடலில் இருக்கும் மீனவர்களுக்குத் தெரியுமாம். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே கடல்கோடு, அதற்கு முன்னால் வயல், வயல் வரப்பெல்லாம் பனை.

ஊரின் தெற்கே பான் பூன் அரண்மனையும் இருக்கிறது. ஐந்தாம் ராமர் சுலாலங்கோன் மழைக்காலத்தில் தங்குவதற்காக ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கார்ல் டோரிங்கை வைத்து 1910-இல் தொடங்கினார். அதே வருடம் அரசர் காலமானார், கட்டடம் 1916-இல்தான் முடிந்தது. பச்சை மெருகு ஓடு பதித்த மாடிப்படிக் கூடம் பார்க்கத் தகுந்தது. மற்றபடி பெர்லினில் எங்கேயோ இருக்க வேண்டிய வீடு வழி தவறி ராணுவ முகாமுக்குள் நிற்கிறது. காவ் லுவாங் குகைக்கு மட்டும் நேரம் பார்த்துப் போங்கள், பத்து மணிக்கு மேல், உச்சி வேளைக்குள். கூரையிலுள்ள பொத்தல் வழியாக வெயில் தூண்போல் இறங்கி புத்தர் வரிசையின் மேல் விழும். மேகம் வந்தால் குகை வெறும் குகைதான்.

பிறகு நான் அடம்பிடித்துப் பான் லாட் போனோம். வயல் நடுவே தோப்பு. தோப்புக்காரருக்கு என் வயது இருக்கும், கதிர் அவரை லுங், அதாவது பெரியப்பா, என்று அழைத்தான். மூங்கிலில் கணுவோரக் கிளைகளைக் கட்டையாக விட்டு வெட்டி அதை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அதில்தான் ஏறுகிறார். பாளையை மரக்கிட்டியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, மூங்கில் குழாயை மாட்டுகிறார். நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம், அவர் குழாய்க்குள் பயோம் என்ற மரத்தின் சீவல்களைப் போட்டுவைக்கிறார். இரண்டும் புளிக்காமல் இருக்கத்தான். நான் பாளையைக் காட்டி, சீவுவதுபோல் கையை இழுத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, என் கையை வாங்கி, இன்னும் மெல்லிசாக, இன்னும் சாய்வாக என்று திருத்தினார். கதிரின் மொழிபெயர்ப்பு அதற்குத் தேவைப்படவில்லை.

இறக்கிய சாறை அகன்ற இரும்புச் சட்டியில் காய்ச்சுகிறார்கள். நுரை அடங்கிப் பாகானதும் இறக்கி, சுருள் கம்பி வைத்த மத்தால் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கக் காற்று ஏறி நிறம் வெளுத்து, வெண்ணெயாக இளகிக் கெட்டிப்படுகிறது. அதனால்தான் இவர்கள் வெல்லம் இளமஞ்சளாக இருக்கிறது. ஒரு கரண்டி வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, பின்னால் லேசான உப்பு, கடைசியில் புகை. சந்தையில் விற்பதில் பாதிக்கு மேல் கரும்புச் சர்க்கரை கலந்தது என்று அவரே சிரித்தபடி சொன்னார். எப்படிக் கண்டுபிடிப்பது என்றேன். அழுத்திப் பார், கல்லாக இருந்தால் கலப்படம், இரண்டு நாளில் இளகினால் நல்லது என்றார். பல மரங்கள் அவர் அப்பா நட்டவை. அவர் மகன்கள் மரம் ஏறுவதில்லை. அந்தப் பேச்சை நான் நீட்டவில்லை, எங்கள் வீட்டுக் கதையும் அதுதான்.

இனி கனோம் மோ கேங். வாங்காமல் யாரும் ஊரை விட்டுப் போவதில்லை. முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் மூன்றையும் அடித்துச் சதுரத் தட்டில் ஊற்றிச் சுட்ட பலகாரம். பதினேழாம் நூற்றாண்டில் அயுத்தயா அரண்மனையில் இருந்த மரியா குயோமார் டி பின்ஹா என்ற போர்ச்சுகீசிய வம்சத்துப் பெண்தான் முட்டை இனிப்புகளைக் கொண்டுவந்தார் என்பது வழக்கு. நெடுஞ்சாலையில் பஸ் பஸ்ஸாக ஆட்களை இறக்கும் பெரிய கடை ஒன்றில் முதலில் வாங்கினோம். பெயர் வேண்டாம். மேலே அழகாகப் பழுப்பேறியிருந்தது, உள்ளே மாவும் சர்க்கரையும்தான், பனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கதிர் அதைக் குரங்குக்குக் கொடுக்கலாம் என்றான். குரங்குக்கும் ஒரு தரம் இருக்கிறது என்றேன்.

ஊருக்குள், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அம்மாள் கரி அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்கு மேலே ஒரு தகரம், தகரத்தின் மேலும் கனல். கடையே கிடையாது, வீட்டுத் திண்ணை. அங்கே வாங்கியது கரண்டி பட்டதும் நடுங்கியது. சேப்பங்கிழங்கு போட்டது, தாமரை விதை போட்டது, பாசிப்பருப்பு போட்டது என்று வகைகள். கதிர் சேப்பங்கிழங்குக் கட்சி. என்னைக் கேட்டால் பாசிப்பருப்புதான், பருப்பு வெல்லத்தை அடக்கி வைக்கிறது. மேலே வறுத்த சின்ன வெங்காயம் தூவியிருக்க வேண்டும், கருகல் ஓரத்தோடு. வெங்காயம் இல்லாத தட்டை எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தட்டு பெரிதாகத் தெரியும், பாங்காக் வரை தாங்கும் என்று நினைப்பீர்கள். நாக்கோன் பதோம் நிலையம் தாண்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடும், அதனால் இரண்டாக வாங்குங்கள்.